தொடக்கத்தை வைத்து ஒரு ஃபேன்டசி சிறுகதைப் போட்டி: எந்த முறை தாங்கும்?

அறுபது கதைகள், ஆறு நடுவர்கள். ஒவ்வொரு கதையையும் மூன்று பேராவது படிக்க வேண்டும் என்றால் நடுவருக்கு முப்பது கதை. கதைக்கு 2,500 சொல் என்று வைத்தால் தலைக்கு 75,000 சொல், அதாவது ஒரு முழு நாவல். முதல் 200 சொல்லோடு நிறுத்திக்கொண்டால் அதுவே 6,000 சொல்லாகிவிடும். ஒரு மாலையில் முடித்துவிடலாம். தொடக்கத்தை வைத்து மதிப்பிடுவதன் பெரிய கவர்ச்சி இந்தக் கணக்குதான்.

இதை மூன்று விதமாக நடத்தலாம். தொடக்கத்தை மட்டும் வாங்கி அதற்கே பரிசு கொடுப்பது ஒன்று. தொடக்கத்தை வாங்கி, தேறியவர்களிடம் பிறகு முழுக்கதை கேட்பது இரண்டாவது. முழுக்கதையை முதலிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, முதல் சுற்றில் தொடக்கத்தை மட்டும் நடுவருக்குக் கொடுப்பது மூன்றாவது.

முதல் முறை விளையாட்டாக நடத்தினால் அருமையாக ஓடும். அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1982இல் தொடங்கிய புல்வர்-லிட்டன் போட்டி, எழுதப்படாத ஒரு மட்டமான நாவலின் முதல் வாக்கியத்தைத்தான் கேட்டது. பின்னால் நாவல் கிடையாது என்பதே அங்கே நகைச்சுவை. நல்ல கதைக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டு இதே முறையைக் கையாண்டால்தான் சிக்கல். இரண்டு தொடக்கங்களைப் பாருங்கள்:

“வெண்கிரியை ஆண்ட மாறவேந்தனுக்கும் கருங்கழனியின் சூலனுக்கும் முந்நூறு ஆண்டுப் பகை. அந்தப் பகையின் வேர் நீலமணிச் செங்கோலில் இருந்தது.”

“விளக்கு ஏற்றினால் நிழல் விழும், நிழல் விழுந்தால் வரி கட்ட வேண்டும். கிழவி இருட்டிலேயே அரிசி களைந்தாள்.”

முதலாவதில் இரண்டு நாடு, இரண்டு அரசன், ஒரு செங்கோல். மனதில் நிற்க ஒரு காட்சிகூட இல்லை. இரண்டாவதில் பெயரே கிடையாது. ஆனால் அந்த உலகத்தின் விதி ஒன்று, அதில் மாட்டிக்கொண்ட ஒரு ஆள், அவள் கண்டுபிடித்த குறுக்குவழி, மூன்றும் வந்துவிட்டன. எந்த நடுவரும் இரண்டாவதைத்தான் எடுப்பார் என்று தோன்றும். ஆனால் நிழலுக்கு ஏன் வரி, யார் வசூலிக்கிறார்கள் என்பதற்கு எழுதியவரிடம் பதில் இருக்கிறதா என்பது 200 சொல்லில் தெரியாது. ஃபேன்டசியில் இது மற்ற வகைகளைவிடப் பெரிய ஓட்டை. விசித்திரமான விதி ஒன்றைச் சொல்வது சுலபம். அந்த விதியாலேயே கதையை முடிப்பதுதான் கடினம். போதாக்குறைக்கு, 200 சொல் பளபளப்பை இப்போது எந்தச் செயற்கை நுண்ணறிவுச் செயலியும் நிமிடத்தில் செய்து கொடுத்துவிடும்.

இரண்டாவது முறை இந்த ஓட்டையை அடைப்பதாகத் தோன்றும், பாதிதான் அடைக்கும். தேறிய பத்துப் பேருக்கு மூன்று வாரம் கொடுத்தால் சிலர் அப்போதுதான் முடிவை யோசிக்கத் தொடங்குவார்கள். சிலர் காணாமல் போவார்கள். இதைத்தான் நடத்துவதென்றால் பத்துக்குப் பதில் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுங்கள், கடைசி ஐந்து காத்திருப்புப் பட்டியல். முழுக்கதை வரும்போது தொடக்கத்தைத் திருத்தலாமா கூடாதா என்பதையும் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் கட்டாயம் சண்டை வரும்.

எங்கள் ஓட்டு மூன்றாவதற்கு. படைப்புகள் குறையும், அது உண்மை. கதையை முடித்தவர் மட்டுமே அனுப்புவார். போட்டி நடத்துபவருக்கு அது லாபம்தான். எழுதப் பழகுகிறவர்களுக்கான பட்டறை என்றால் மட்டும் முதல் முறையே போதும்.

மூன்றாவதில் ஒரு வசதியும் உண்டு. எங்கே வெட்டுவது என்பது எழுதியவர் கையில் இல்லை. அவரே தொடக்கத்தைத் தனியாக அனுப்பினால் கதவு தட்டப்படும் இடத்திலோ கத்தி ஓங்கும் இடத்திலோ நிறுத்தி அனுப்புவார். நடத்துபவர் வெட்டும்போது எல்லோருக்கும் ஒரே விதி: 200ஆவது சொல் விழும் வாக்கியம் முடியும்வரை. தலைப்பு கணக்கில் சேராது. கதைக்கு முன்னால் வைக்கும் பாட்டு, நாட்டு வரலாறு, வரைபட விளக்கம் எல்லாம் சேரும். இதைச் சொல்லாவிட்டால் 150 சொல்லில் ஒரு ‘முன்கதை’ வந்து நிற்கும்.

ஏன் எழுத்து எண்ணாமல் சொல் எண்ண வேண்டும்? கணினிகள் பெரும்பாலும் எண்ணுவது எழுத்தை அல்ல, குறியீடுகளை. ‘மந்திரவாதி’ நமக்கு ஆறு எழுத்து, கணினியின் பொது எழுத்துக்குறி முறையான யூனிகோடில் பத்துக் குறியீடு: புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். மெய்யும் உயிர்மெய்யும் மிகுந்த நடை காரணமில்லாமல் அடிவாங்கும். சொல் எண்ணிக்கையிலும் ஏமாற்றலாம்: ‘வந்துகொண்டிருந்தான்’ ஒரு சொல், பிரித்து எழுதினால் இரண்டு. 200 சொல்லில் அதனால் ஏதோ சில சொற்கள்தான் வேறுபடும், விட்டுவிடலாம். விட முடியாதது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வரும் கோப்பு, நடுவரின் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடு மட்டும் என்று அறிவிப்பின் முதல் வரிகளிலேயே போடுங்கள்.

அடுத்தது மதிப்பெண்ணா, தரவரிசையா? பத்துக்கு இத்தனை என்று போடச் சொல்வது எளிது, அதனால்தான் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு கதைகளுக்கும் மூன்று நடுவர்கள் போடுகிறார்கள் என்று வையுங்கள். முதல் நடுவர் நிழல் கதைக்கு 9, பகைக் கதைக்கு 3. மற்ற இருவரும் நிழலுக்கு 6, பகைக்கு 7. கூட்டினால் நிழல் 21, பகை 17. மூன்றில் இருவர் பகைக் கதையே மேல் என்று சொல்லியும் அது தோற்றுவிட்டது. தாராளமாக ஏற்றி இறக்கிப் போடுகிற நடுவர் ஒருவரே முடிவைத் தீர்மானித்துவிடுகிறார். 6, 7 என்று அடக்கமாகப் போடுபவர்கள் வெறும் சாட்சிகள்.

தரவரிசையில் இந்தக் கோளாறு இல்லை. ஆனால் முப்பதையும் ஒரே மூச்சில் வரிசைப்படுத்தச் சொல்லாதீர்கள். முதல் நாலும் கடைசி நாலும் சரியாக வரும், நடுவில் இருப்பது குருட்டாம்போக்கு. பத்துப் பத்தாகக் கட்டுங்கள். நடுவர் ஒவ்வொருவருக்கும் கட்டுகள் வேறு வேறாகக் கலந்திருக்கட்டும். இல்லையென்றால் பலமான கட்டில் சிக்கிய நல்ல கதை மூன்று முறையும் ஐந்தாம் இடத்திலேயே நிற்கும். கட்டுக்குள் இருக்கும் வரிசையையும் மாற்றுங்கள்: பிரமாதமான ஒன்றுக்கு அடுத்துப் படிக்கப்படும் கதை பாவம்.

நடுவரிடம் இன்னொன்றும் கேட்கலாம்: வாசகராக இருந்தால் எந்தச் சொல்லில் படிப்பதை நிறுத்தியிருப்பீர்கள்? அங்கே ஒரு கோடு. பலருடைய கோடு ஒரே பத்தியில் விழுந்தால் எழுதியவருக்கு வேறு விமர்சனமே தேவையில்லை. பெரும்பாலும் அது நான்காவது புதுப் பெயர் வரும் இடமாக இருக்கும்.

பொதுவாக்கெடுப்பு? யாருக்கு நண்பர்கள் அதிகம் என்பதை அது துல்லியமாகச் சொல்லும். வேண்டுமானால் தனிப் பரிசாக வையுங்கள்.

பெயர் மறைப்பதில் கோப்பின் தலைப்பை மாற்றுவதோடு நின்றுவிடுகிறார்கள். வேர்டு கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் அப்படியே இருக்கும். உரையை மட்டும் நகலெடுத்துப் புதுக்கோப்பில் ஒட்டி வரிசை எண் கொடுங்கள். எண்ணும் பெயரும் உள்ள பட்டியல், நடுவராக இல்லாத ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். இறுதிச் சுற்றில் பத்து முழுக்கதைகளையும் எல்லா நடுவர்களும் படிப்பார்கள். முதல் சுற்றின் இடங்கள் அங்கே செல்லாது. சமநிலை வந்தால் அதிக முதலிடம் பெற்ற கதை, அதிலும் சமம் என்றால் பரிசைப் பிரிப்பது. இதைக் கதைகள் வந்து சேர்வதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.