21,240 ரூபாய்க்கு ஒரு தலைமைத் தோற்றம்

பெண் மேலாளர்களுக்கென்றே நடத்தப்படும் ‘தலைமைத் தோற்றம்’ பயிற்சிகளில் ஒரு விசித்திரம் உண்டு. நிறுவனத்தின் செலவில் அனுப்பப்படுகிறவர்கள் விலையைக் கேட்பதில்லை. விலையைப் பேசி முடிக்கிற மனிதவளத் துறையினர் உள்ளே வந்து உட்காருவதில்லை. கடந்த ஆண்டு கிண்டிப் பக்கம் ஒரு நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் முழுதும் உட்கார்ந்து எழுந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கட்டணம் ஒருவருக்கு 18,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 21,240. நடத்திய நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. என் தோழியர் வேறு இடங்களில் பெற்ற பயிற்சியும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் இருந்திருக்கிறது என்பதால், பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவராக இருக்கிறேன். வாடிக்கையாளர் புகார்கள் பாதியாகக் குறைந்த ஆண்டில் எனக்கு வந்த ஆண்டு மதிப்பீட்டில், அந்தக் குறைவைப் பற்றி ஒரு வரியும், ‘தோற்றத்தில் தலைமைப் பண்பு இன்னும் வெளிப்பட வேண்டும், சற்றுச் சிரித்த முகமாக இருத்தல் நலம்’ என்று இரண்டு வரிகளும் இருந்தன. அந்த இரண்டு வரிகளுக்கு மருந்தாகத்தான் அனுப்பப்பட்டேன்.

ஏற்பாடுகளில் குறை சொல்ல அதிகமில்லை. நாங்கள் 22 பேர் இருந்தோம். வங்கி, மென்பொருள், மருத்துவமனை நிர்வாகம், காப்பீடு என்று பல துறைகள். அறைக் குளிர் மட்டும் பிளேசர் அணிந்தவர்களுக்கென்று அளவெடுத்து வைத்ததுபோல் இருந்ததால், சுடிதாரில் வந்தவர்கள் துப்பட்டாவைப் போர்வையாக்கிக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டில் வத்தக்குழம்பு நன்றாக இருந்தது.

முதல் நாள் காலை, 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் தொடங்கியது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வதையும், 2020 ஏப்ரல் முதல் முன்னணி ஆயிரம் நிறுவனங்கள் சுயேச்சைப் பெண் இயக்குநர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி விதித்ததையும் பயிற்சியாளர் தெளிவாகவே விளக்கினார். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, ‘நாற்காலி தயாராக இருக்கிறது, அதில் உட்காரத் தகுந்தவராக நீங்கள் தெரிய வேண்டும்’ என்பதாக இருந்தது. தகுந்தவராக இருப்பதற்கும் தெரிவதற்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் அன்று மாலை வரைக்கும் கடந்தோம்.

அடுத்தது நிறப் பொருத்தம். ஒவ்வொருவரையும் கண்ணாடி முன் உட்காரவைத்து, தாடைக்குக் கீழே வண்ணத் துணிகளை மாற்றி மாற்றிப் பிடித்து, அவரவர் எந்தப் பருவத்துக்கு உரியவர் என்று தீர்ப்பு வழங்கினார்கள். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று பருவம் நான்கு. நம் இலக்கணத்தில் பெரும்பொழுது ஆறு என்பதும், சென்னையில் நடைமுறைக்கு வருவது வெயிலும் மழையும் மட்டுமே என்பதும் அவர்கள் கணக்கில் வரவில்லை. நான் ‘இலையுதிர்’ ஆனேன்; எங்கள் வேப்பமரம் இலை கொட்டுவது பங்குனியை ஒட்டித்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். சிரித்துவிட்டுப் போகக்கூடிய இந்தப் பகுதியில் ஒன்று மட்டும் உறுத்தியது. கறுத்த நிறமுடையவர்களுக்கு ‘முகத்துக்கு ஒளி கூட்டும்’ நிறங்கள் என்று தனிப் பட்டியல் இருந்தது. மற்றவர்களுக்கு அப்படி எதையும் கூட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. 1975 முதல் ‘ஃபேர்’ என்ற சொல்லைப் பெயரிலேயே சுமந்து விற்பனையான முகப்பூச்சு 2020-இல் அந்தச் சொல்லை உதறி ‘குளோ’ என்று மாற்றிக்கொண்டது. அதே மாற்றம் இந்த அறைக்கும் வந்திருந்தது.

உடைப் பாடத்துக்கு முன்மாதிரியாகத் திரையில் காட்டப்பட்டவர் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். ஒவ்வொரு நிதிநிலை அறிக்கை நாளன்றும் அவர் உடுத்திய கைத்தறிப் புடவைகளின் படங்கள் வரிசையாக வந்தன. 2025 பிப்ரவரி 1 அன்று அவர் கட்டியிருந்தது பிகாரைச் சேர்ந்த ஓவியர் துலாரி தேவி அளித்த மதுபனிப் புடவை என்பது அறையில் பலருக்குத் தெரிந்திருந்தது. அது அவர் தொடர்ச்சியாகத் தாக்கல் செய்த எட்டாவது நிதிநிலை அறிக்கை என்பதைக் காப்பீட்டு நிறுவனப் பெண் ஒருவர் மட்டும் சொன்னார். நெசவாளருக்கும் ஓவியருக்கும் அந்தப் புடவையால் கிடைத்த கவனத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவருக்கு முன் அந்த அறிக்கையை வாசித்த அமைச்சர்களின் வேட்டியும் குர்தாவும் எவருடைய பயிற்சித் திரையிலும் வரிசையாக வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

காலணிப் பகுதியில்தான் என் பொறுமை சற்றுத் தளர்ந்தது. ‘இரண்டு அங்குலக் குதிகால் நிமிர்வைத் தரும்’ என்று கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்தது. நான் ஒரு நாளில் பெரும்பகுதியை ஷாப் ஃப்ளோரில், முன்புறம் இரும்புக் கவசம் பதித்த சேஃப்டி ஷூவில் கழிக்கிறேன். எங்கள் ஸ்டோரில் ஐந்தாம் நம்பர் வருவதற்கு முன், ஆண்களுக்கான ஆறாம் நம்பரில் இரண்டு ஜோடி காலுறை போட்டுச் சில ஆண்டுகள் நடந்திருக்கிறேன். சுழலும் இயந்திரத்தின் பக்கம் துப்பட்டா கூடாது, முடி வலைக்குள் இருக்க வேண்டும் என்ற விதிகளை நானே கண்டிப்பாக நடத்துகிறேன். அவற்றுக்குக் காரணம் இருக்கிறது. தளர்ந்த உடையும் நீண்ட முடியும் ஆணுக்கும் ஆபத்துதான். குதிகாலுக்கு அப்படி ஒரு காரணத்தைச் சொல்லும்படி கேட்டபோது ‘நிமிர்வு’ என்ற அதே சொல்தான் திரும்பி வந்தது. 2015 டிசம்பரில் இலண்டனில் நிக்கோலா தார்ப் என்ற வரவேற்பாளர், குதிகால் உயர்ந்த காலணி போட மறுத்ததற்காக முதல் நாளே ஊதியமின்றித் திருப்பி அனுப்பப்பட்டார். அதை எதிர்த்த மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட, 2017-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விவாதிக்க வேண்டியதாயிற்று. ஜப்பான் ஏர்லைன்ஸ் 2020-இல் தன் பணிப்பெண்களுக்கான குதிகால் விதியைக் கைவிட்டது. கையேட்டைத் திருத்துவதற்குப் போதிய காலம் இருந்திருக்கிறது.

மாலையில் எல்லோரும் தத்தம் மதிப்பீட்டில் தோற்றம் குறித்து வந்த ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும் என்றார்கள். பாடத்திட்டம் எதிர்பார்க்காத ஒன்று அப்போது நடந்தது. வங்கி அதிகாரி ஒருவருக்கு, ‘ஒப்பனை கூடுதல், வாடிக்கையாளர் பொருட்படுத்த மாட்டார்கள்’ என்ற கருத்து வந்திருந்தது. அவர் பக்கத்து நாற்காலியில் இருந்த மருத்துவமனை நிர்வாகிக்கு, ‘தன்னைக் கவனித்துக்கொள்வதில்லை, களைத்துத் தெரிகிறார்’ என்று வந்திருந்தது. ஒருவரைக் குரல் உயர்த்துவதாகவும், இன்னொருவரைக் குரல் எழும்பவில்லை என்றும் குறித்திருந்தார்கள். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்களே, அதை வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக வாசித்தோம்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது ஆன் ஹாப்கின்ஸ் வழக்கு. 1982-இல் அமெரிக்காவின் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரர் (பார்ட்னர்) தகுதிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். அப்போதிருந்த 662 பங்குதாரர்களில் பெண்கள் ஏழு பேர். வெளியுறவுத் துறையிடமிருந்து இரண்டரைக் கோடி டாலர் ஒப்பந்தத்தைப் பெறுவதில் முன்நின்றவர் என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆயினும் 47 பேர் ஏற்கப்பட்டபோது அவர் பெயர் தள்ளிவைக்கப்பட்டது. இன்னும் பெண்மையோடு நடக்கவும் பேசவும் உடுத்தவும் வேண்டும், ஒப்பனை செய்து, முடியைச் சீர்படுத்தி, நகை அணிய வேண்டும் என்று அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. பங்குதாரர் ஒருவர், நளினம் கற்பிக்கும் பள்ளியில் அவர் பயில வேண்டும் என்றே குறிப்பெழுதியிருந்தார். 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் கேட்டதன் சாரம் இதுதான்: வேலைக்கு முனைப்பு வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதே முனைப்பைப் பெண்ணிடம் கண்டால் குறையாக எழுதினால், அவள் எந்தப் பக்கம் போவாள்? 1990-இல் நீதிமன்ற ஆணையின் பேரிலேயே அவருக்குப் பங்குதாரர் தகுதி கிடைத்தது. எங்கள் கையேட்டின் ஐந்து அத்தியாயங்கள் நடை, பேச்சு, உடை, ஒப்பனை, முடி. ஹாப்கின்ஸுக்குச் சொல்லப்பட்டதில் நகை மட்டும் விடுபட்டிருந்தது. அதுவும் பிற்சேர்க்கையில் இருந்தது.

பயிற்சியாளரைக் குற்றம் சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. விமானப் பணியில் பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்; தேநீர் இடைவேளையில் நான் இந்த வழக்கைச் சொன்னபோது ஆர்வத்தோடு கேட்டார். ‘மேடம், மதிப்பீடு எழுதுகிறவர்களுக்கென்று அரை நாள் வகுப்பு ஒன்று தயாரித்து வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக அதை யாரும் வாங்கவில்லை, இதைத்தான் வாங்குகிறார்கள்’ என்றார். இரண்டு நாளில் நான் கேட்ட மிக நேர்மையான வாக்கியம் அது.

இரண்டாம் நாளைப் பற்றி நல்லதாகவே எழுத வேண்டும். காலையில் குரல் பயிற்சி. நாடகத் துறையிலிருந்து வந்த ஒருவர் நடத்தினார். வாக்கியத்தின் இறுதியில் மூச்சு தீர்ந்து குரல் கரைந்துவிடுவதை எனக்கே ஒலிப்பதிவில் காட்டி, எங்கே மூச்சை வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது ஆடிட் கூட்டங்களில் உடனே பயன்பட்டது. பிறகு கூட்டத்தில் பேச்சை இடைமறிப்பவரைச் சமாளிக்கும் ஒத்திகை. கையை உயர்த்தாமல், மன்னிப்பும் கேட்காமல், ‘இன்னும் இரண்டு குறிப்பு இருக்கிறது, முடித்துவிடுகிறேன்’ என்று அதே சுருதியில் தொடர்வதை ஆளுக்கு ஆறு முறை செய்துபார்த்தோம். மேடையில் காலர் மைக் மாட்டுவதைப் பற்றிய கால் மணி நேரம் எதிர்பாராத பரிசு. அந்தப் பெட்டி பெல்ட்டையும் கோட்டுக் காலரையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. பையில்லாத குர்தாவிலும் புடவையிலும் அதை எங்கே செருகுவது என்று மேடையோரம் தவித்திருக்கிறேன். புடவையில் இடுப்புக் கொசுவத்துக்குப் பின்பக்கம் உள்பாவாடை நாடாவில் செருகி, கம்பியை ரவிக்கைக்குள் கொண்டுவந்து, மைக்கை முந்தானை உரசாத பக்கம் மாட்டிக் காட்டினார்கள். தோற்றம் பற்றிய பயிற்சி என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆகவே என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் இரண்டாம் நாளுக்கே சேரும். சொந்தப் பணம் கட்டிப் போக வேண்டாம். அலுவலகம் அனுப்பினால் மறுக்க வேண்டியதில்லை, ஆனால் உங்கள் மதிப்பீட்டுத் தாளைக் கையோடு கொண்டுபோய், வேலையைப் பற்றிய வரிகள் எத்தனை, முகத்தைப் பற்றிய வரிகள் எத்தனை என்று எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். மனிதவளத் துறையிடம் பேசும்போது கையேட்டைவிட அந்த எண்ணிக்கை உதவும். இரண்டாம் நாளை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டுப்பார்த்தேன், இல்லையென்றார்கள்.

பயிற்சியின் பயனை அளக்க மூன்று மாதம் கழித்து என் மேலதிகாரிக்கு அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். பத்துக் கேள்விகளில் ஏழு என் உடை, முடி, முகபாவம் ஆகியவற்றில் அவர் கண்ட மாற்றங்களைப் பற்றியவை. அவர் என்னை அறைக்கு அழைத்து, படிவத்தைத் திருப்பிக் காட்டி, ‘மேடம், இதில் என்ன எழுதுவது? நான் இதையெல்லாம் கவனிப்பதே இல்லையே’ என்றார். மதிப்பீட்டில் அந்த இரண்டு வரிகளை எழுதியவர் அவர்தான்.