கைக்குழந்தைக்கு கண் டெஸ்ட்: கோயம்புத்தூர்ல நாங்க காட்டுன ஆஸ்பத்திரி பத்தி

ஆஸ்பத்திரி பேரு போடலைங்க, நல்லது குறை ரெண்டையும் எழுதப் போறேன்ங்கறதால. கோயம்புத்தூர்ல குழந்தைங்க கண்ணுக்குன்னே தனி ஓபி வச்சிருக்கற ஒரு இடம், அவ்வளவுதான். எந்த ஊர்ல எந்த ஆஸ்பத்திரில காட்டுனாலும் ஒழுங்கா பண்ணுனா நடக்கற டெஸ்ட் கிட்டத்தட்ட இதேதான், அதனால பேரை விட என்னென்ன பண்ணுனாங்கங்கறது தெரிஞ்சா உங்களுக்கு உபயோகம்னு நெனைக்கறேன்.

பாப்பாவுக்கு 9 மாசம். போட்டோல எல்லாம் இடது கண்ணு மூக்குப் பக்கம் ஒதுங்கி நிக்கற மாதிரியே தெரியும். எங்க அத்தை "மாறுகண்ணு அதிர்ஷ்டம் கண்ணு, ஒண்ணும் பண்ண வேண்டாம்"னாங்க. சரின்னு எங்க ஊரு உடுமலைலயே ஒரு கிளினிக்ல காட்டுனா டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "மூணு வயசாகட்டும், எழுத்து தெரிஞ்சாதான் டெஸ்ட் பண்ண முடியும்"னு அனுப்பிட்டாங்க. அதான் எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு, ஏன்னா இந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் எத்தனையோ பேரு குழந்தைய அஞ்சு வயசு, ஸ்கூல் சேக்கற வயசு வரைக்கும் காட்டாமயே விட்டுடறாங்க. குழந்தைக்கு எழுத்து தெரிய வேண்டாம், படம் தெரிய வேண்டாம், வாயே பேச வேண்டாம். பொறந்த குழந்தைக்குக் கூட கண் டெஸ்ட் பண்ண முடியும்.

இங்க போனதும் முதல்ல ஒரு சிஸ்டர் உக்கார வச்சு கேள்வி கேட்டாங்க. எத்தனை வாரத்துல பொறந்தா, எடை எவ்வளவு, இன்குபேட்டர்ல வச்சிருந்தாங்களா, வீட்டுல யாராச்சும் சின்ன வயசுலயே கண்ணாடி போட்டிருக்காங்களான்னு. கேட்டுக்கிட்டே பஞ்சுல பாப்பா கண்ணுல இருந்த மைய தொடச்சு எடுத்துட்டாங்க. கண்ணுக்குள்ள மை போட வேண்டாம், சில மைல ஈயம் இருக்கும், அழுக்கும் சேரும், திருஷ்டிக்குன்னா உள்ளங்கால்ல ஒரு பொட்டு வச்சுக்கங்கன்னு எங்க அத்தைகிட்ட பொறுமையா சொன்னாங்க. அத்தையும் மூஞ்சிய தூக்கி வச்சுக்காம கேட்டுக்கிட்டாங்க, அந்த சிஸ்டர் பேசுன விதம் அப்படி.

அப்புறம் ஒரு சின்ன டார்ச், கூடவே கீச்சுன்னு சத்தம் போடற ரப்பர் பொம்மை. பாப்பா வெளிச்சத்தப் பாக்கும்போது ரெண்டு கருவிழிலயும் அந்த வெளிச்சப் புள்ளி எங்க விழுதுன்னு பாக்கறாங்க. மாறுகண் இருந்தா ஒரு கண்ணுல புள்ளி தள்ளி விழுமாம், எங்க பாப்பாவுக்கு ரெண்டுலயும் நடுவுல அழகா விழுந்துச்சு. அதாவது மாறுகண்ணே இல்ல. மூக்குத்தண்டு அகலமா இருந்து, கண்ணோட உள்பக்கத் தோல் வெள்ளைய மறைக்கறதால ஒதுங்குன மாதிரி தெரியுது, மூக்கு வளர வளர அது போயிரும்னு டாக்டர் மேடம் சொன்னாங்க. நாலு மாசம் வரைக்கும் கண்ணு அப்பப்ப ஒதுங்கறதும் சகஜம்தானாம், அதுக்கப்புறமும் ஒதுங்குனா இல்ல எப்பவுமே ஒரே பக்கம் ஒதுங்கியே நின்னா தள்ளிப் போடாம கூட்டிட்டு வரணும்னாங்க.

இதோட விட்டிருந்தா நாங்களும் சந்தோஷமா பஸ் ஏறியிருப்போம். அவங்க விடல, அதுக்குத்தான் இந்த ரிவ்யூவே.

அடுத்து ஒரு டெஸ்ட் பண்ணுனாங்க, பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. பாப்பா பொம்மையப் பாத்துட்டு இருக்கும்போது இடது கண்ண கையால மூடுனாங்க, அவ பாட்டுக்கு பொம்மையப் பாத்துட்டு சிரிச்சுட்டு இருந்தா. வலது கண்ண மூடுனதும் தலைய இப்படி அப்படி திருப்பறா, கைய புடிச்சு தள்றா, சிணுங்கறா. பசிக்குதுன்னு நெனச்சு நான் எடுக்கப் போனேன், டெஸ்ட் பண்ணுன பொண்ணு "இருங்கக்கா, இன்னொருவாட்டி பாக்கலாம்"னு கைய மாத்தி மாத்தி மூடிப் பாத்தாங்க, திரும்பத் திரும்ப அதே கதைதான். எதுவும் சொல்லாம சீட்டுல ஏதோ எழுதுனாங்க. நல்லா தெரியற கண்ண மூடுனா குழந்தை சும்மா இருக்காது, சரியா தெரியாத கண்ண மூடுனா அதுக்கு ஒண்ணுமே இல்ல, அதான் விஷயம்.

அதுக்கப்புறம் சாம்பல் கலர்ல நீளமா அட்டை, ஒரு பக்கம் மட்டும் கறுப்பு வெள்ளை கோடு. டெல்லர் கார்டுன்னு சொல்றாங்க. கோடு இருக்கற பக்கம் குழந்தை தானா திரும்பும், ஏன்னா வெறும் சாம்பல விட கோடு பாக்கறது அதுக்குப் புடிக்கும். அட்டை நடுவுல ஒரு ஓட்டை, அது வழியா குழந்தை கண்ணு எந்தப் பக்கம் போகுதுன்னு பின்னாடி இருந்து பாக்கறாங்க. கோடு மெலிசா மெலிசா அட்டை மாத்திட்டே போறாங்க, எந்த அட்டையில குழந்தை திரும்பறத நிறுத்துதோ அது வரைக்கும்தான் பார்வைன்னு கணக்கு. இதையும் ஒவ்வொரு கண்ணா மூடி பண்ணுனாங்க.

கஷ்டமான பகுதி சொட்டு மருந்துதான். எரியும், குழந்தை நல்லா அழுகும், அதுவும் விட்டு விட்டு திரும்ப போடுவாங்க. கண்ணுப் பாப்பா பெருசாகும், அதோட கண்ணு ஃபோகஸ் பண்ற தசையும் கொஞ்ச நேரம் வேலை செய்யாது. அது ஏன் முக்கியம்னா குழந்தைங்க கண்ணு பிளஸ் பவர (தூரப்பார்வைன்னு சொல்றது) தானா சமாளிச்சு மறைச்சிருமாம், மருந்து போட்டாத்தான் உண்மையான பவர் தெரியும். சில பேருக்கு வீட்டுலயே மூணு நாளு போடற மாதிரி அட்ரோபின் களிம்பு குடுத்து அனுப்பறாங்க. எங்களுக்கு அங்கயே போட்டுட்டாங்க, முகம் கொஞ்சம் செவந்துச்சு, சாயங்காலம் வெயில்ல கண்ணு கூசுச்சு, மறுநாள் சரியாயிருச்சு. தொப்பி கொண்டு போயிருங்க.

அப்புறம் இருட்டு ரூம். மேடம் கையில ஒரு கருவி, அதுல இருந்து ஒரு கோடு மாதிரி வெளிச்சம், அதை கண்ணுக்குள்ள அசைச்சுக்கிட்டே ஒவ்வொரு லென்ஸா கண்ணு முன்னாடி புடிச்சு பாக்கறாங்க. உள்ள இருந்து திரும்பி வர்ற வெளிச்சம் எப்படி நகருதுங்கறத வச்சே பவர் சொல்லிடறாங்க, குழந்தை ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. கடைசியா தலையில லைட் மாட்டிக்கிட்டு கையில லென்ஸ் வச்சு விழித்திரை வரைக்கும் பாத்தாங்க. பாப்பா அழுதுட்டே இருந்தா, மேடம் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வேலைய முடிச்சாங்க, ஒரு தடவை கூட சலிச்சுக்கல.

ரிசல்ட் என்னன்னா வலது கண்ணு பிளஸ் 2, இடது கண்ணு பிளஸ் 5. கொஞ்சம் பிளஸ் பவர் எல்லா கைக்குழந்தைக்கும் இருக்கறதுதான், கண்ணு சின்னதா இருக்கறதால, வளர வளர குறையும். ஆனா ரெண்டு கண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தா மூளை தெளிவா இருக்கற படத்த மட்டும் எடுத்துக்கும், மங்கலா வர்ற கண்ண கண்டுக்காம விட்டுடும், அந்தக் கண்ணுக்கு பாக்கவே பழக்கம் வராம போயிரும். சோம்பேறிக் கண்ணுன்னு சொல்றது இதைத்தான். வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, ஒரு கண்ணு நல்லா இருக்கறதால குழந்தை பொம்மை எடுக்கும், தவழும், எல்லாம் பண்ணும். ஏழெட்டு வயசு தாண்டி கண்டுபுடிச்சா கண்ணாடி போட்டாலும் பார்வைய மீட்கறது கஷ்டமாயிட்டே போகும். நாங்க மாறுகண்ணுன்னு நெனச்சுப் போனோம், அது இல்ல, இது இருந்துச்சு. வெறும் டார்ச்ல இதைக் கண்டுபுடிச்சிருக்கவே முடியாது.

கண்ணாடி எழுதிக் குடுத்தாங்க. வளையற ஃபிரேம், ஸ்க்ரூ கிடையாது, பின்னாடி எலாஸ்டிக் பட்டை, உடையாத பாலிகார்பனேட் லென்ஸ். முதல் வாரம் கழட்டி வாயில வச்சு சப்பறதுதான் வேலை. காலைல எந்திரிச்சதும் மாட்டிவிட்டு உடனே கையில ஏதாச்சும் குடுத்துட்டா மறந்துடறா, அந்தப் பழக்கம்தான் எங்களுக்கு செட் ஆச்சு.

குறைன்னு பாத்தா காத்திருப்புதான். காலைல போனா மத்தியானம் தாண்டிருச்சு, மருந்து வேலை செய்யற நேரம் பாதின்னாலும் மீதி பாதி சும்மா உக்காந்திருந்தோம். பால் குடுக்க மறைவா ஒரு இடம் இல்ல, குழந்தைங்க பிரிவுலயே அது இல்லைங்கறது எனக்கு கோவமாத்தான் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கற ஆப்டிகல்ஸ்ல கைக்குழந்தைக்கு புளூ கட் கோட்டிங் (ஸ்கிரீன்ல இருந்து வர்ற நீல வெளிச்சத்தத் தடுக்கறதுன்னு விக்கற பூச்சு) எடுங்கன்னு விடாம சொன்னாங்க. மேடம்கிட்ட திரும்பப் போய் கேட்டதுக்கு அதெல்லாம் தேவையே இல்ல, ஃபோன் காட்டாதீங்க அது போதும், 2 வயசு வரைக்கும் ஸ்கிரீனே வேண்டாம்னாங்க. டெஸ்ட் செலவு பெருசா இல்ல, ஃபிரேமும் லென்ஸும்தான் கொஞ்சம் இழுத்துச்சு.

இன்னொண்ணு, அங்க எதிர்ல உக்காந்திருந்த ஒரு அம்மா குறைமாசத்துல பொறந்த குழந்தையோட வந்திருந்தாங்க. 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தாலோ 2 கிலோவுக்கு கீழ இருந்தாலோ பொறந்து 30 நாளுக்குள்ள விழித்திரைய பாத்தே ஆகணும், ரொம்ப சின்னக் குழந்தைன்னா இன்னும் முன்னாடியே. அந்தக் குழந்தைங்களுக்கு வாரக்கணக்குல தாமதமானாலே பார்வை போற அளவுக்கு ஆகலாம். அதே மாதிரி ஃபிளாஷ் போட்ட போட்டோல ஒரு கண்ணு சிவப்பா இல்லாம வெள்ளையா மின்னுனா அன்னைக்கே கிளம்பிருங்க, அது கண்புரையாவும் இருக்கலாம், கண்ணுக்குள்ள கட்டியாவும் இருக்கலாம். காசு இல்லைன்னு யாரும் விட வேண்டாம், அங்கன்வாடிக்கு குழந்தைங்கள செக் பண்ண அரசு டீம் வர்றாங்கல்ல, அவங்ககிட்ட சொன்னா மாவட்ட மையத்துக்கு எழுதிக் குடுப்பாங்க, சிகிச்சை இலவசம். சென்னைக்காரங்களுக்கு எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கு.

நீங்க எங்க காட்டுனாலும் "சொட்டு மருந்து போட்டு பவர் பாப்பீங்களா, விழித்திரை பாப்பீங்களா"ன்னு ஃபோன்லயே கேட்டுட்டு போங்க. இல்லைன்னு சொன்னா வேற இடம் பாருங்க. தூங்கி எந்திரிச்சு வயிறு நிறைஞ்சு இருக்கற நேரமா பாத்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க, கூட ஒரு ஆளு கட்டாயம் வேணும். எங்கள 3 மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க, அந்த கோடு அட்டைய திரும்ப வச்சுப் பாத்துட்டு, இடது கண்ணுக்கு பழக்கம் வர்றதுக்காக நல்லா தெரியற வலது கண்ண மூடி தினம் கொஞ்ச நேரம் பேட்ச் ஒட்டணுமா வேண்டாமான்னு அப்பத்தான் சொல்வாங்களாம். போயிட்டு வந்து இதுலயே சேத்து எழுதறேன்.