பெடோக் நீர்த்தேக்கமா, டொங்காரிரோ ஆறா?

ஃபிளை தூண்டில், அதாவது பூச்சிபோலவோ குட்டி மீன்போலவோ கட்டிய செயற்கை இரையை (ஃபிளையை) வீசி மீன்பிடிக்கும் தூண்டில், வாங்கிவிட்டால் அடுத்த கேள்வி, எங்கே வீசுவது. ஃபிளைக்காரர்கள் பெரிதும் தேடும் டிரவுட் மீன் சிங்கப்பூரில் கிடையாது. அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினாலே திணறும் மீன் அது.

பெடோக் நீர்த்தேக்கத்துக்கு எம்ஆர்டி ரயிலே போதும். உரிமம் வேண்டாம், ஆனால் அனுமதித்த இடத்தில் மட்டும், செயற்கை இரையோடு மட்டும். ஃபிளைக்காரருக்கு அது ஒரு குறையே இல்லை. கிடைப்பது தென்னமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய பீக்காக் பாஸ். வாலில் கண்போல ஒரு புள்ளி, முட்டையைக் காக்கும்போது பொல்லாத கோபம். ஏழாம் எண் தூண்டிலும் (எண் கூடக்கூட வலு கூடும்) குட்டி மீன் போன்ற ஃபிளையும் சரியாக இருக்கும். நூலைப் பின்னால் வீசும்போது மட்டும் மெதுஓட்டக்காரர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை என் கொக்கி ஒரு மாமாவின் தொப்பியைப் பறித்துவிட்டது, நல்லவேளை, சிரித்துவிட்டார்.

நியூசிலாந்தின் டொங்காரிரோ வேறு உலகம். டௌப்போ ஏரியின் ரெயின்போ டிரவுட் குளிர்காலத்தில் முட்டையிட ஆற்றில் ஏறிவரும். மீன் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்பதால் நாம் பின்புறமிருந்து நெருங்கவேண்டும். நீருக்கடியில் வாழும் பூச்சிக்குஞ்சு போன்ற கனமான நிம்ஃப் ஃபிளையை இழுக்காமல், ஆற்றின் போக்கிலேயே மிதக்கவிடவேண்டும். டௌப்போவுக்குத் தனி உரிமம். பழைய பூட்ஸ், தூண்டில் எல்லாம் கழுவிக் காயவைத்து, விமான நிலையத்தில் அறிவிக்கவேண்டும். ஃபெல்ட் (அழுத்திய கம்பளிபோன்ற துணி) அடிப்பாகம் உள்ள பூட்ஸுக்கு அங்கே தடை.

எனக்கு டொங்காரிரோதான் பிடிக்கும். ஆனாலும் முதல் ஆறு மாதம் பெடோக்கில் வீசிப் பழகுங்கள். பத்து மணிநேரம் பறந்துபோய் மரக்கிளையில் நூலைச் சிக்கவைப்பது வீண்செலவு.