பல்வலி: இப்போதே கிளம்புவதா, காலை வரை பொறுப்பதா?

பல்வலி பெரும்பாலும் இரவில்தான் ஆளைப் படுத்தும். படுத்ததும் தலைப் பக்கம் ரத்த அழுத்தம் சற்றுக் கூடும். பல்லுக்குள் இருக்கும் கூழ் (நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான பகுதி) ஏற்கெனவே அழற்சியில் வீங்கி, விரிய இடமில்லாமல் கெட்டியான சுவருக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நம் முன் நான்கு வழிகள் உண்டு. வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கலாம், மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கலாம், பல் மருத்துவரைப் பிடிக்கலாம், அல்லது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடலாம். வலி எவ்வளவு கடுமை என்பதை வைத்துத்தான் பலரும் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அளவுகோலை நம்ப முடியாது.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு உயிர் போகிற வலி, தூக்கமே இல்லை. ஆனால் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது. இன்னொருவருக்கு வலி நேற்றைவிடப் பரவாயில்லை. ஆனால் தாடைக்கடியில் வீங்கியிருக்கிறது, எச்சில் விழுங்கச் சிரமப்படுகிறார். முதலாமவர் காலை வரை தாக்குப்பிடிக்கலாம், இரண்டாமவர் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் நடப்பதோ நேர் எதிர். அலறுபவருக்கு வண்டி வரும், வீங்கியவர் படுக்கப் போய்விடுவார்.

மாத்திரையா, பல் மருத்துவரா?

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசி, சில நொடிகளில் அடங்கிவிடுகிறதா? அப்படியானால் பல்லின் கூழ் இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஃபில்லிங்கோடு முடிந்துவிடலாம். இதற்கு அவசரம் இல்லை, சில நாட்களுக்குள் காட்டினால் போதும். குளிர்ச்சி போன பிறகும் நிமிடக்கணக்கில் வலி நீடித்தாலோ, சூடு பட்டால் வலித்தாலோ, எதுவும் படாமலே விண் விண் என்று தெறித்துத் தூக்கத்தைக் கலைத்தாலோ கதை வேறு. கூழ் மீள முடியாத நிலைக்குப் போயிருக்கும். ரூட் கேனல் அல்லது பல்லைப் பிடுங்குவது என்ற இரண்டில் ஒன்றுதான் தீர்வு. இவர்கள் மறுநாளே பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அதுவரை மாத்திரை தாராளமாக உதவும். வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனும் 500 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்து பல்வலியை நன்றாகவே அடக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கர்ப்பம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஐபுப்ரோஃபெனைத் தொடக் கூடாது. பாராசிட்டமால் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு சொட்டு வைத்தால் சற்று மரத்துப்போகும். அளவு மீறினால் ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரினை ஈறின் மேல் அடக்கிவைப்பது வலியைக் குறைக்காது, புண்ணைத்தான் தரும்.

மாத்திரை வழியில் ஒரு பொறி உண்டு. நாலு நாள் துடித்த பல் ஐந்தாம் நாள் திடீரென்று அமைதியாகிவிடும். சரியாகிவிட்டது என்று மருத்துவரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்துவிடுவார்கள். உண்மையில் கூழ் செத்துப்போனதால் வலி நின்றிருக்கும். கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்க, சில வாரங்களோ மாதங்களோ கழித்துக் கடித்தால் வலி, பிறகு சீழ் என்று அது திரும்பி வரும். வலி நின்றது என்பதற்காகப் போகாமல் இருக்காதீர்கள்.

ஆன்டிபயாடிக் என்ற குறுக்கு வழி

நான்கில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது இதுதான். மருந்து ரத்தத்தின் வழியேதான் போக வேண்டும். செத்த கூழுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. கூழ் உயிரோடு அழன்று வலித்தாலும், அந்த வலி அழற்சியால் வருவது, ஆன்டிபயாடிக் அதைக் குறைக்காது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெரியவர்களுக்கு, பல்லுக்கு உடனே சிகிச்சை செய்ய வாய்ப்பிருந்தால், பெரும்பாலான பல்வலிக்கும் வேர் நுனிச் சீழுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம். காய்ச்சல் வந்து, வீக்கம் பரவத் தொடங்கினால் அது தேவைதான். அப்போதும் சீழை வெளியேற்றும் சிகிச்சையோடு சேர்ந்தே பலன் தரும். தனியாக விழுங்கினால் வீக்கம் இரண்டு நாள் அடங்கி, நம்மை ஏமாற்றும்.

பல் மருத்துவரா, அவசரப் பிரிவா?

இந்த இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. இரண்டு இடங்களும் செய்யும் வேலை வேறு வேறு. வீக்கம் இல்லாத வலிக்கு அவசரப் பிரிவில் பெரும்பாலும் ஊசியும் மாத்திரைச் சீட்டும்தான் கிடைக்கும். ரூட் கேனலை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் மூச்சுக்குழாயைக் காப்பாற்றவும், நரம்பு வழியே மருந்து ஏற்றவும், மயக்கம் கொடுத்துக் கழுத்துச் சீழை அறுத்து வடிக்கவும் வசதி அங்கேதான் இருக்கிறது.

கீழ்க் கடைவாய்ப் பற்களில், குறிப்பாக இரண்டாவது, மூன்றாவது பற்களில், வேர் நுனி தாடையின் உட்புறத்தில் வாய்த்தளத் தசைக்கும் கீழே இருக்கும். அங்கே சேரும் கிருமி ஈறில் கொப்புளமாக உடையாமல் நேரே கழுத்துப் பகுதிக்குள் இறங்கலாம். வாய்த்தளம் இருபுறமும் கட்டைபோல் இறுகி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, மூச்சு அடைபடும் நிலையை 1836இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்தார். லுட்விக் ஆஞ்சைனா என்று அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. சில மணி நேரத்தில் நிலைமை கைமீறலாம். ஆகவே விழுங்க முடியாமல் எச்சில் வழிதல், குரல் மாறிக் குழறுதல், படுத்தால் மூச்சு முட்டுதல், வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்குதல், வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்காமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரைத் தேடி நேரம் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மேல் பல்லில் தொடங்கிய வீக்கம் கண்ணை மூடும் அளவுக்கு ஏறினால், பார்வை மங்கினால், அதுவும் ஆஸ்பத்திரிக்கே.

கன்னம் மட்டும் வீங்கி, விழுங்குவதிலும் மூச்சிலும் சிக்கல் இல்லையென்றால் அன்றைக்கே பல் மருத்துவரைப் பார்க்கலாம். சர்க்கரை நோயாளிகளும் புற்றுநோய் மருந்து எடுப்பவர்களும் இதையே ஒரு படி மேலாக எண்ணிக்கொள்ள வேண்டும். ஈறில் சிறு கொப்புளம் உடைந்து சீழ் வடிந்துகொண்டிருந்தால் அது நாள்பட்ட தொற்று. காட்டத்தான் வேண்டும், ஆனால் நள்ளிரவில் அல்ல.

அடிபட்டுப் பல் விழுந்தால் கணக்கு நிமிடத்தில். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கு இருந்தால் பாலிலோ உப்புநீர்க் கரைசலிலோ மெல்ல அலசி, விழுந்த குழியிலேயே பொருத்தித் துணியைக் கடித்துக்கொண்டு கிளம்புங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போகலாம். வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் வேரை ஒட்டிய செல்கள் வெடித்துச் சாகும். 15 நிமிடத்துக்குள் திரும்ப வைத்தால் அந்தச் செல்கள் பிழைக்க நல்ல வாய்ப்பு. உலர்ந்தபடி ஒரு மணி நேரம் கடந்தால் ஏறக்குறைய முடிந்துவிடும். குழந்தையின் பால் பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது, உள்ளே வளரும் நிலைப்பல்லைக் கெடுத்துவிடும்.

பல் பிடுங்கிய அன்று எச்சில் சிவப்பாக வருவது இயல்பு. மடித்த காஸ் துணியை 20-30 நிமிடம் திறந்து பார்க்காமல் அழுத்திக் கடித்த பிறகும் ரத்தம் வழிந்தால் உடனே தொடர்புகொள்ள வேண்டும். மூன்றாம் நாள் வாக்கில் காது வரை வலி பாய்ந்து, துர்நாற்றமும் வந்தால், குழியில் உறைந்த ரத்தக்கட்டி கலைந்திருக்கும். வேதனை அதிகம், ஆபத்து குறைவு. கழண்டு விழுந்த கேப்புக்கு அவசரமே இல்லை, பத்திரமாக எடுத்து வையுங்கள். ஆனால் படியேறும்போது கீழ்த்தாடையில் வலி வந்து, உட்கார்ந்தால் தணிந்தால், கூடவே வியர்த்தால், பல்லை மறந்துவிட்டு இதயத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கே போவதானாலும் போனில் பேசும்போது "தாங்க முடியலை" என்பதோடு நிறுத்தாதீர்கள். வீக்கம் எங்கே, எப்போதிலிருந்து, காய்ச்சல் எத்தனை, வாய் எத்தனை விரல் அகலம் திறக்கிறது, தண்ணீர் விழுங்க முடிகிறதா என்று சொன்னால், இப்போதே வரச் சொல்வதா, காலையில் வரச் சொல்வதா என்று எதிர்முனையில் இருப்பவர் உடனே முடிவு செய்துவிடுவார்.