நிழலைக் கணக்கெடுத்துப் புல்லைத் தேர்ந்தெடுங்கள்: செயின்ட் அகஸ்டின், பெர்முடா, சொய்சியா ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ‘பெர்முடா’ என்ற பெயரில் பை பையாக விதை விற்கிறதே, அது நம் அருகம்புல்தான். ‘அருகுபோல் வேரூன்றி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோம். அந்த வேரூன்றும் குணமே இந்தப் புல்லின் பலம், தொல்லையும் அதுவே. ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வழியாகத் தலஹாசி வரை வளைகுடாக் கரையோர வீடுகளின் வாசலில் அகல இலை கொண்ட செயின்ட் அகஸ்டின்தான் அதிகம். அட்லாண்டா பக்கம் போனால் பெர்முடாவும் சொய்சியாவும். மூன்றுமே வெயில் காலத்துப் புற்கள், புழுக்கத்தைத் தாங்குபவை. ஆனால் ஒன்றுக்குச் செய்யும் பராமரிப்பை இன்னொன்றுக்குச் செய்தால் அந்தப் புல் பிழைக்காது. அங்குள்ள புல்வெளிகள் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தேர்வில் முதல் கேள்வி, அந்த இடத்தில் எத்தனை மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது என்பது. மரங்கள் முழுதாகத் தழைத்திருக்கும் மே கடைசியில் ஒரு நாள், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை மணிக்கொரு முறை பார்த்துக் குறித்து வையுங்கள். எட்டு மணி நேரத்தை ஒட்டி வந்தால் பெர்முடா போடலாம். ஐந்தாறு மணி நேரம் வந்தால் சொய்சியா அல்லது செயின்ட் அகஸ்டின். நான்கு மணி நேரத்தை ஒட்டினால் செயின்ட் அகஸ்டின் மட்டுமே, அதுவும் நிழல் தாங்கும் ரகமாகப் பார்த்து. அதற்கும் குறைவான இடத்தில் எந்தப் புல்லுக்கும் பணம் செலவழிக்காதீர்கள். ஓக் மரத்தடியில் ஆண்டுதோறும் புதுப் புல் பதித்து, அடுத்த கோடையில் அது மெலிந்து மண் தெரிவதைப் பார்ப்பதைவிட, மரச்சீவல் பரப்புவதோ நிழலில் தரையை மூடும் மாண்டோ புல் நடுவதோ மேல்.

செயின்ட் அகஸ்டின்

இது தரைக்கு மேலே ஓடும் தண்டுகளால் மட்டுமே பரவும். மண்ணுக்கடியில் தண்டு கிடையாது. அதனால் ஓரிடத்தில் ஓடுதண்டு செத்தால் அடியிலிருந்து துளிர்க்காது, பக்கத்திலிருந்து ஊர்ந்து வந்துதான் மூட வேண்டும். வெட்டும் உயரம் இதற்கு உயிர்நாடியாக இருப்பது இதனால்தான். வெயிலில் 3 முதல் 3.5 அங்குலம், நிழலில் 4 அங்குலம். பக்கத்து வீட்டு பெர்முடாவைப் பார்த்து 2 அங்குலத்துக்கு இறக்கினால் வேர் குட்டையாகும், மண் சூடேறும், களைகளுக்கு வழி திறந்துவிடும்.

விதையாகக் கிடைப்பது அரிது. வேரோடு வெட்டிய புல்பாளமாகவோ சிறு துண்டுகளாகவோ வாங்கிப் பதிப்பதே வழக்கம். பாளங்களை அடுக்கி விற்கும் ஒரு பேலட் (மரப்பலகைத் தட்டு) ஏறத்தாழ 450 சதுர அடியை மூடும். ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். புளோரிடா பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1973-இல் வெளியிட்ட புளோராடாம், வெயிலில் செழிக்கும், நிழலில் மெலியும், குளிரும் தாங்காது. புல்லின் சாற்றை உறிஞ்சும் சிஞ்ச் பூச்சியை எதிர்ப்பதே அதன் சிறப்பாக இருந்தது. பின்னாளில் அதையும் தாக்கும் சிஞ்ச் பூச்சி வகைகள் வந்துவிட்டன. குளிர் எட்டிப் பார்க்கும் ஊர்களுக்கு ராலே, பாதி நிழலுக்கு பால்மெட்டோ பொருந்தும்.

இந்தப் புல்லில் பழுப்புத் திட்டு கண்டதும் ஆளுக்கொரு மருந்தை அள்ளித் தெளிக்கிறார்கள். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கலாம், நான்குக்கும் வைத்தியம் வேறு.

தண்ணீர் போதவில்லை என்றால் இலை நீளவாக்கில் மடியும், மிதித்த தடம் நிமிராமல் அப்படியே கிடக்கும். நன்றாக நனைத்தால் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். நனைத்தும் தெளியாமல், ஜூலை ஆகஸ்டில், சிமெண்ட் நடைபாதையை ஒட்டிய சூடான ஓரத்திலிருந்து மஞ்சள் பரவினால் சிஞ்ச் பூச்சியைச் சந்தேகியுங்கள். இரு பக்கமும் திறந்த தகர டப்பாவைப் பச்சையும் மஞ்சளும் சேரும் விளிம்பில் இரண்டு அங்குலம் அழுத்தி, தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் காத்திருங்கள். இருந்தால் மிதக்கும். வளர்ந்த பூச்சி கறுப்பு உடலும் வெள்ளைச் சிறகுமாக எள்ளளவு இருக்கும், குஞ்சு சிவப்பு. சதுர அடிக்கு இருபதைத் தாண்டினால் பைபென்த்ரின் போன்ற பூச்சிக்கொல்லி தேவைப்படும். அது வளர்ந்த பூச்சியையும் குஞ்சையும் அடிக்கும், பூஞ்சைக்கொல்லி ஒன்றும் செய்யாது.

அக்டோபரில் இரவு வெப்பம் 70 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கி மழையும் சேரும்போது வட்ட வட்டமாக மஞ்சளித்தால் அது ரைசோக்டோனியா பூஞ்சை. இலையைப் பிடித்து இழுத்தால் அடி அழுகிச் சுலபமாகக் கையோடு வரும். ஓடுதண்டு உயிரோடுதான் இருக்கும், வசந்தத்தில் மூடிக்கொள்ளும். இலையுதிர் காலக் கடைசியில் தழைச்சத்து போடுவதும் மாலையில் தண்ணீர் விடுவதும் இதற்கு அழைப்பு. ஆண்டுதோறும் அதே இடத்தில் வருகிறதென்றால் வட்டம் தெரியும் முன்பே, செப்டம்பர் இறுதியில் அசாக்சிஸ்ட்ரோபின் என்ற பூஞ்சைக்கொல்லியை அடிப்பதே பலிக்கும்.

நான்காவது, வசந்தத்தில் துளிர்க்க வேண்டிய புல் வெளிறி மெலிந்து, வேர் கறுத்துக் குட்டையாகி, தண்டைத் தூக்கினால் பாய்போல எழுந்து வருவது. டேக்-ஆல் வேரழுகல் இது. ஹூஸ்டனின் காரத்தன்மையுள்ள களிமண்ணும் காரநீரும் இதற்குத் தோது. 1000 சதுர அடிக்கு 3.8 கன அடி அளவுள்ள பீட் மாஸ் (அமிலத்தன்மையுள்ள மக்கிய பாசி) கட்டு ஒன்றை உதிர்த்து மெல்லப் பரப்பி நனைத்தால் மேல்மண் அமிலப் பக்கம் சாய்ந்து புல் மீள வழியாகும். இந்த நிலையில் சுண்ணாம்பு போட்டால் நோய்க்குத் தீனி போட்டதாகிவிடும்.

பெர்முடா

மேலேயும் தண்டு, மண்ணுக்கடியிலும் தண்டு. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடித் தேய்த்த இடம்கூடச் சில வாரங்களில் மூடிவிடும். வறட்சியில் பழுப்பாகிக் கிடந்தாலும் மழை கண்டதும் எழும். விலையும் குறைவு. சாதாரண ரகத்தை விதையாகவே போடலாம், தோல் நீக்கிய விதை 1000 சதுர அடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு பவுண்டு. ஜார்ஜியாவின் டிப்டனில் உருவாகி 1960-இல் வெளிவந்த டிப்வே, பின்னால் வந்த டிப்டஃப் போன்ற கலப்பினங்களுக்கு முளைக்கும் விதை கிடையாது, பாளமாகத்தான் வாங்க வேண்டும். தண்ணீர்க் கட்டுப்பாடு வரும் ஊர்களில் டிப்டஃப்பைப் பரிந்துரைப்போம்.

வேலை என்று பார்த்தால் இதுதான் அதிகம் கேட்கும். உயரம் 1 முதல் 2 அங்குலம். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால், ஒன்றரை அங்குலத்தில் வைக்கப்படும் புல்லை இரண்டே காலைத் தொடுவதற்குள் வெட்டியாக வேண்டும். ஜூனில் அதற்கு ஐந்து நாள்கூட ஆகாது. ஓர் அங்குலத்துக்குக் கீழே வைப்பதென்றால் உருளை வெட்டி தேவை, சுழல் கத்தி மேட்டுப் பகுதிகளை மொட்டையடித்துவிடும். வசந்தத் தொடக்கத்தில் உறைபனி பயம் தீர்ந்ததும் காய்ந்த மேற்பகுதியை ஓர் அங்குலத்துக்கு இறக்கி வெட்டி அள்ளினால் தரை சூடேறிச் சீக்கிரம் பச்சையாகும். செயின்ட் அகஸ்டினுக்கு இதைச் செய்தால் ஓடுதண்டே போய்விடும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரே இரவில் புல் பழுத்ததுபோல் தெரிந்தால் படைப்புழுவாக இருக்கலாம். ஒரு கேலன் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரச் சோப்பைக் கரைத்து ஒரு சதுர கஜத்தில் ஊற்றினால் சில நிமிடங்களில் மேலே ஏறி வரும். இலையைத்தான் தின்னும். அடித்தண்டு பிழைத்திருப்பதால் பெர்முடா மீண்டுவிடும்.

சொய்சியா

பார்வைக்கு மூன்றிலும் இதுவே அழகு. காலுக்கு மெத்தென்றிருக்கும், அடர்த்தியால் களைகளுக்கு இடம் தராது. விலை அதிகம், வளர்ச்சி மெதுவு. நாய் தோண்டிய குழி மூட ஒரு பருவமே ஆகலாம். இலை கடினம், கத்தி மழுங்கினால் நுனி கிழிந்து வெளுக்கும். வெட்டும் உயரம் அகல இலை எம்பயர் ரகத்துக்கு 2 அங்குலம், மெல்லிய இலை சியான் ரகத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை. உரத்தை அள்ளிப் போட்டால் அடியில் நார்ப்படலம் தடித்துத் தண்ணீர் இறங்காது. ரைசோக்டோனியா இதையும் பிடிக்கும். ஓடியாடும் பிள்ளைகள் இல்லாத முன்வாசலுக்கு, கூடுதல் விலையைத் தாங்க முடிந்தால், இதைப் போடலாம்.

சென்டிபீட் என்று இன்னொரு புல்லும் உண்டு. அமில மணற்பாங்கான தெற்கு ஜார்ஜியா, பென்சகோலா பக்கம் கொஞ்ச உரத்தில் நன்றாக வரும். ஹூஸ்டன் களிமண்ணில் இரும்புச்சத்து எடுக்க முடியாமல் மஞ்சளித்துவிடும், வேண்டாம்.

உரமும் நீரும் களைக்கொல்லியும்

ஆண்டுக்கு 1000 சதுர அடிக்குத் தேவையான தழைச்சத்து: சென்டிபீடுக்கு 1 முதல் 2 பவுண்டு, சொய்சியாவுக்கு 2 முதல் 3, செயின்ட் அகஸ்டினுக்கு 2 முதல் 4, பெர்முடாவுக்கு 3 முதல் 5. ஒரு முறைக்கு ஒரு பவுண்டுக்கு மேல் வேண்டாம். 15-5-10 உரத்தில் (முதல் எண் தழைச்சத்தின் சதவீதம்) அதற்கு ஏழு பவுண்டுக்குச் சற்றுக் குறைவான உரம் போதும். முதல் உரத்தைப் புல் தழைத்து இரண்டு முறை வெட்டிய பிறகு, ஹூஸ்டனில் ஏப்ரல் நடுவில் போடுங்கள். களை முளைப்பைத் தடுக்கும் மருந்தோ மண்வெப்பம் 55 டிகிரி பாரன்ஹீட்டைத் தொடும் பிப்ரவரியிலேயே விழ வேண்டும். இரண்டுக்கும் இரண்டு மாத இடைவெளி இருக்கும்போது, உரமும் களைக்கொல்லியும் கலந்த ஒரே பையை வாங்குவதில் நியாயமில்லை.

தண்ணீர் வாரத்துக்கு மழையோடு சேர்த்து ஓர் அங்குலம், அதாவது 1000 சதுர அடிக்கு சுமார் 620 கேலன். விடியலுக்கு முன் விடுங்கள், இலை சீக்கிரம் காயும். களிமண்ணில் தொடர்ந்து விட்டால் தெருவில்தான் ஓடும். பத்து நிமிடம் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி பத்து நிமிடம் விடுங்கள்.

களைக்கொல்லிப் பையில் புல்லின் பெயரைப் படிக்காமல் வாங்காதீர்கள். அட்ராசின் செயின்ட் அகஸ்டினும் சென்டிபீடும் தாங்கும் மருந்து, பச்சையாக வளரும் பெர்முடாவைச் சுட்டுவிடும். குயின்க்ளோராக் என்ற மருந்து அதற்கு நேர்மாறு: பெர்முடா தாங்கும், செயின்ட் அகஸ்டினும் சென்டிபீடும் தாங்காது.

செயின்ட் அகஸ்டினுக்குள் அருகு நுழைந்துவிட்டால், அதை மட்டும் கொன்று இதை விட்டுவைக்கும் நம்பகமான மருந்து வீட்டுக்காரர் கைக்கு எட்டாது. திட்டு சிறியதாக இருக்கும்போதே வெட்டும் உயரத்தை 4 அங்குலத்துக்கு ஏற்றி நிழலால் அமுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால், பச்சையாக வளரும் கோடையில் அந்த இடத்துக்கு மட்டும், பட்ட புல்லையெல்லாம் கொல்லும் கிளைபோசேட் அடித்து, மூன்று வாரத்தில் மீண்டும் துளிர்ப்பதை இன்னொரு முறை அடித்து, பிறகு புதுப் பாளம் பதியுங்கள். ஒரே முறையோடு நிறுத்திப் பதித்தால், மண்ணுக்கடியில் மிஞ்சிய தண்டு புதுப் பாளத்தின் இடுக்கு வழியாகவே மேலே வரும்.