20 இன்ச் சைக்கிள்: புதுசா, பழசா?

போன மே மாதம் மகளுக்கு 8 வயது முடிந்தது. பிறந்தநாளுக்கு அவள் கேட்டது ஒரு சைக்கிள். கடையில் 20 இன்ச் சக்கரம் வைத்த புது வண்டிக்கு 6,800 ரூபாய் சொன்னார்கள், கூடை உட்பட. கடைசியில் நான் வாங்கியது வேளச்சேரியில் எங்கள் பக்கத்து அபார்ட்மெண்ட் பையன் ஓட்டி, கால் நீண்டுவிட்டதால் விட்டுப்போன வண்டி. 2,000 கேட்டார்கள், 1,600க்கு முடிந்தது. அதனால் நான் எந்தப் பக்கம் பேசப்போகிறேன் என்பது தெரிந்திருக்கும். ஆனாலும் எல்லாப் பொருளுக்கும் இதையே சொல்ல மாட்டேன்.

புதுசில் இருக்கும் நல்லது ஊருக்கே தெரியும். பில் கிடைக்கும், பெயிண்ட் மின்னும், பிடித்த நிறத்தில் எடுக்கலாம். ஆன்லைனில் வாங்கினால் பாதி பூட்டிய நிலையில்தான் பெட்டி வரும். ஹேண்டில்பாரும் பெடலும் மாட்டத் தெருமுனைக் கடைக்குத்தான் போகணும். "வாங்குறது எங்கேயோ, மாட்டுறதுக்கு மட்டும் நானா?" என்ற முறைப்பு உபரி.

பழசுக்கு வந்த முதல் எதிர்ப்பு அம்மாவிடமிருந்து. "ஏன்டி, பொறந்தநாளும் அதுவுமா அடுத்தவங்க ஓட்டினதையா குடுப்ப?" இதே மகள் பிறந்தபோது, புதுத்துணி இப்போ கூடாது என்று தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியது அம்மாதான். அதை நினைவுபடுத்தினேன். "அது சம்பிரதாயம்" என்று முடித்துவிட்டார்.

சரி, கணக்குக்கு வருவோம். பிள்ளைகள் சைக்கிள் 12, 14, 16, 20, 24 இன்ச் என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு அளவில் இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. இரண்டாவது மாடியில் இருப்பவர் 6,500க்குப் புதுசு எடுத்து, இரண்டு வருஷம் கழித்து 1,800க்குத் தள்ளினார். கையை விட்டுப் போனது 4,700. என் வண்டிக்கு வாங்கிய விலை 1,600, கடையில் செலவு 1,120, ஆக 2,720. விற்கும்போது 1,200 வந்தால்கூட எனக்குப் போவது 1,520தான். பெரிய விலைச்சரிவை முதலில் வாங்கியவர் ஏற்கெனவே சுமந்துவிட்டார்.

"பழசு வாங்கினா ரிப்பேர் செலவு தின்னுடும்" என்று பலர் சொல்வார்கள். என் முடிவைத் தீர்மானித்ததே இந்தப் பராமரிப்பு விஷயம்தான், ஆனால் அவர்கள் சொல்வதற்கு எதிர்த்திசையில். சென்னையில் புது வண்டிக்கும் அந்தச் செலவு தப்பாது. திருவான்மியூரில் அக்கா வீட்டுப் புது சைக்கிள் ஒரே மழைக்காலத்தில் ரிம், ஸ்போக்ஸ், செயின் எல்லாம் பழுப்பேறி நின்றது. உப்புக் காற்று பில்லைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. எப்படியும் ஒரு வருஷத்துக்குள் ஓவராயில் பண்ணியாக வேண்டும். சக்கர நடுவில் இருக்கும் ஹப்பையும் பெடல் அச்சையும் கழற்றி, டீசலில் கழுவி, உள்ளே உருளும் இரும்புக் குண்டுகளான பால்ஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, சக்கரத்தில் கோட்டம் எடுத்து மாட்டும் வேலை அது. நான் கொடுத்தது 500. பின் டயர், டியூப் 350, செயின் 150, பிரேக் கட்டை 60, மகளே போய்த் தேர்ந்தெடுத்த மஞ்சள் பெல் 60. அந்த 1,120 இதுதான்.

ஆனால் ஓவராயிலாலும் காப்பாற்ற முடியாத வண்டிகள் இங்கே உண்டு. முதலில் மடிப்பாக்கம் பக்கம் ஒன்று பார்த்தோம். 1,000 ரூபாய்தான், பெயிண்ட் பளபள. கிட்டத்தட்ட வாங்கிவிட்டேன். கூட வந்த சைக்கிள் கடை அண்ணன் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, காதை ஹப் பக்கம் வைத்தார். நரநரவென்று சத்தம். அடுத்து சீட்டைத் திருகி, கம்பியோடு வெளியே உருவினார். குழாய்க்குள் மொபைல் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே காய்ந்த சேறு, சந்தனம் பூசினதுபோல ஒட்டிக் கிடந்தது. "தண்ணியில நின்ன வண்டிமா. வெளியதான் கழுவியிருக்காங்க" என்றார்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கம் கார் நிறுத்தும் தளத்தில் தண்ணீர் ஏறி நின்றதை நாங்கள் மறக்கவில்லை. காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள்கூடப் பிள்ளைகள் சைக்கிளைத் தூணோடு விட்டுவிட்டார்கள். ஃப்ரேம் குழாய்க்குள் புகுந்த சேற்றுத்தண்ணீர் உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. எனவே தென்சென்னையில் பழைய சைக்கிள் பார்க்கப் போனால் சீட்டுக் கம்பியை உருவிப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். உருவ விடாதவரிடம் பேரமே வேண்டாம். ஃப்ரேமில் வெல்டிங் வைத்த இடங்களையும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, பார்ட்ஸ். 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் பி.எஸ்.ஏ., ஹெர்குலஸ் மாதிரி பரவலான வண்டி என்றால் எந்தத் தெருவிலும் சாமான் கிடைக்கும். பேர் தெரியாத பிராண்டில் தடித்த டயர் போட்டது பார்க்க ஜோர், டயர் போனால்தான் திண்டாட்டம். கியர் வண்டியை நான் பழசாக வாங்கியதில்லை. அதில் என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.

சைக்கிளை விட்டு மற்றதற்கு வந்தால், லெகோ கட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பழசாகவே வாங்கலாம். 1958இல் வந்த கட்டைகூட இன்றைய கட்டையோடு பொருந்தும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் புதுசுதான். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் நெளிந்துவிடும். கலந்துகட்டி ஒரு பை நிறையக் கொடுப்பார்கள், அதில் போலிக் கட்டைகளும் இருக்கும். இரண்டை மாட்டித் தலைகீழாகப் பிடித்தால் கழன்று விழுவது பெரும்பாலும் போலி.

தமிழ்ப் புத்தகம் பழசாகத் தேட வேண்டியதே இல்லை. நேஷனல் புக் டிரஸ்ட் சிறுவர் புத்தகங்கள் புதுசிலேயே மலிவு. ஜனவரி புத்தகக் காட்சியில் அதிலும் 10 சதவீதம் குறையும். கெட்டி அட்டை ஆங்கிலப் படப் புத்தகம்தான் பழசில் லாபம். பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபின் சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்த கடைகளில், பொறுமை இருந்தால் அள்ளலாம். ஒரு ஞாயிறு போய்ச் சட்டையெல்லாம் தூசியோடு வந்தேன்.

புதுசு மட்டுமே என்று நான் பிடிவாதமாக நிற்பது இரண்டு இடங்களில். ஒன்று ஹெல்மெட். ஒருமுறை கீழே விழுந்திருந்தால் உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது. இன்னொன்று, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையின் பொம்மை. 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பழசு என்று கைக்கு வருவதில் பெட்டியும் இருக்காது, முத்திரையும் இருக்காது. பட்டன் பேட்டரி போட்ட பாட்டுப் பொம்மையின் மூடியில் திருகாணி இல்லையென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்குவதில்லை.

அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பழசு பரிசளிக்கலாமா என்று கேட்டால், நான் புத்தகத்தைத் தாண்டிப் போனதில்லை. தைரியம் வரவில்லை.

தேட நல்ல நேரம் ஏப்ரல், மே. பரீட்சை முடிந்ததும் மாற்றலாகிப் போகிறவர்களும் வீடு காலி பண்ணுகிறவர்களும் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒவ்வொன்றாகப் படம் போடுவார்கள். லாரி வரும் நாளுக்கு முந்தைய சாயந்திரம் விலை தானாக இறங்கும்.

எங்கள் வண்டியின் சீட்டுக் கம்பியில் இன்னும் மூன்று விரல்கடை மிச்சமிருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் தன் மகனுக்காக இப்போதே சொல்லி வைத்திருக்கிறார், 1,200க்கு. சைக்கிள் கொடுக்க மகளுக்குச் சம்மதம். மஞ்சள் பெல்லைக் கழற்றிக்கொண்டுதான் கொடுப்பாளாம்.