காலேஜ்ல திறந்த ஓவர்டிராஃப்ட் (ஓடி) கணக்கை மூடிட்டீங்களா?

வீட்டுல காலேஜ் படிக்கிற பிள்ளைங்க இருந்தா இதைக் காட்டுங்க.

2022ல நான் ரெண்டாம் வருஷம். காலேஜ் கேட் பக்கத்துல குடை விரிச்சு, ஒரு தனியார் பேங்க்காரங்க மாணவர் கணக்கு திறந்துக்கிட்டிருந்தாங்க. கூடவே 15,000 ரூபாய்க்கு ஓடி. அதாவது ஓவர்டிராஃப்ட்: கணக்குல காசு இல்லாட்டியும் அதுவரைக்கும் எடுக்கலாம், எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி. "இது கடன் இல்ல தம்பி, ஒரு வசதி"ன்னார் டை கட்டினவர். கடனேதான்.

ஏற்காடு டூர், போனுக்கு டிஸ்பிளே, கொஞ்சம் பரீட்சை ஃபீஸ், எல்லாம் சேர்ந்து 6,200. பகுதிநேர வேலைக்குப் போய் 2023 ஏப்ரல்ல வட்டியோட கட்டினேன். ஆப்ல பாக்கி 0ன்னு வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு ஆப்பைத் தூக்கிட்டேன்.

சேலம் சிவதாபுரத்துல அப்பாவுக்குச் சின்னதா கொலுசுப் பட்டறை. போன வருஷம் மாடி கட்ட 8 லட்சம் கேட்டு வேற ஒரு பேங்குக்குப் போனோம். அப்பாவுக்கு 59 வயசு, அதனால என்னையும் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. மேனேஜர் கம்ப்யூட்டரை எங்க பக்கம் திருப்பினார். கடனை எப்படிக் கட்டறோம்னு பார்த்துப் போடுற மார்க்தான் சிபில் ஸ்கோர். அது 300ல இருந்து 900 வரைக்கும் போகும்; எனக்கு 611. கீழே மாசத்துக்கு ஒரு கட்டம். ஒழுங்கா கட்டின மாசத்துல 000. அப்புறம் 31, 61, 92ன்னு ஏறிக்கிட்டே போகுது. எத்தனை நாள் தாமதம்ங்கிற கணக்கு அது. 90 நாள் தாண்டினா வாராக்கடன்.

எதைக் கட்டலன்னு பார்த்தா, வருஷப் புதுப்பிப்புக் கட்டணம் 499, ஜிஎஸ்டியோட 589. கணக்குல காசு இல்லாததால ஓடியில இருந்து தானா எடுத்துக்கிட்டாங்க. வட்டி, அபராதம் எல்லாம் ஏறி 4,310. எஸ்எம்எஸ் போனது நான் தூக்கிப்போட்ட சிம்முக்கு. மெயில் போனது படிப்பு முடிஞ்சதும் காலேஜ் மூடிட்ட ஐடிக்கு. பழைய ஸ்கிரீன்ஷாட்டைத் தேடி எடுத்தேன். 0க்குக் கீழேயே பொடி எழுத்துல "கிடைக்கும் தொகை 15,000"ன்னு இருக்கு. பாக்கிதான் தீர்ந்திருக்கு, கணக்கு திறந்தேதான் கிடந்திருக்கு.

"கடனே வாங்காதவங்களுக்கு மைனஸ் 1னு வரும் தம்பி, அவங்களுக்குக்கூடப் பார்த்துத் தரலாம். இதுக்கு மேல்மட்டத்துல ஒத்துக்க மாட்டாங்க"ன்னார் மேனேஜர். அஸ்தம்பட்டி ரவுண்டானா வரைக்கும் அப்பா வண்டியில பேசவே இல்ல. அப்புறம், "ஐந்நூறு ரூபாய்க்காடா?"ன்னார்.

பழைய பேங்குக்குப் போனா, விண்ணப்பத்துல கட்டணம் போட்டிருந்த பக்கத்தையும் அதுக்குக் கீழே என் கையெழுத்தையும் காட்டினாங்க. படிக்காம போட்டது என் தப்பு. ஆனா ஓடியை மூட தனியா எழுதிக் கொடுக்கணும்னு அந்தக் குடைக்கடியில ஒருத்தரும் சொல்லல.

வசூல் ஆள் ஒருத்தர் போன் பண்ணி, 2,000 கட்டினா செட்டில் பண்ணிடலாம்னார். மாட்டிக்காதீங்க. அப்படிக் கட்டினா ரிப்போர்ட்ல "செட்டில்ட்"னு விழும். அதைப் பார்க்கிற அடுத்த பேங்க், முழுசாக் கட்டாதவன்னுதான் எடுத்துக்கும். ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் 5,000க்கு சிபில்ல அழிச்சுத் தர்றேன்னார். கடன் கொடுத்தவங்க தகவலைத் திருத்தாம சிபிலாலயே மாத்த முடியாது, இவர் எங்க இருந்து அழிப்பார்?

முழுத் தொகையையும் கட்டி, கணக்கு முடிஞ்சதுன்னு லெட்டர்ஹெட்ல கடிதம் வாங்கினேன். அதை வச்சு சிபில் தளத்துல புகார் போட்டிருக்கேன், காசில்லாம. 30 நாள்ல தீர்க்கலன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தரணும், ரிசர்வ் வங்கி விதி அது. கட்டணத்தைப் பத்தி பேங்குக்கும் தனியா எழுதியிருக்கேன், அதுக்கும் 30 நாள்ல பதில் வரலன்னா ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேன்கிட்ட, அதாவது குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு கடன் விவரம் வச்சிருக்கிற கம்பெனிங்க நாலு பேருமே வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசமாத் தரணும்ங்கறதும் இப்பதான் தெரியும்.

இன்னைக்கு 19ஆவது நாள். தாமதக் கட்டங்கள் அப்படியேதான் இருக்கு. அம்மாவோட ஆரத்தை வச்சுத்தான் மாடிக்குக் கம்பி வாங்கியிருக்கோம்.